வாக்குச் சீட்டின் கடைசிப் பகுதி: ஒன்ராறியோவில் கல்விச் சபை உறுப்பினர் தெரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஒக்டோபர் 24, திங்கட்கிழமை மாலை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை வாக்களிப்பு நிலையத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அருகில் உள்ள பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தில்தான் வாக்களிப்பு. எழுபது வயதைத் தாண்டியவர்; குடியுரிமை எடுத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. திரும்பி வரும்போது சொன்னார்: "மேயருக்குப் போட்டேன், கவுன்சிலருக்குப் போட்டேன். கடைசியில் இருந்தவர்களில் ஒருவரையும் தெரியாது, அதனால் விட்டுவிட்டேன்."

அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் படிப்பது அந்தப் பாடசாலையில்தான். அவர் வெறுமையாக விட்டுவந்த பகுதி, அந்தப் பாடசாலையை ஆளும் சபைக்கு ஆளைத் தெரிவு செய்யும் பகுதி. அன்றிலிருந்து யாரோடு இதைப் பேசினாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். விதிகள் 2022 தேர்தல் நடந்த முறைப்படி சொல்லப்படுகின்றன. அதன் பிறகு 2025இல் மாகாண அரசு செய்தது பற்றிக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

கல்விச் சபை என்பது என்ன? அதில் எத்தனை வகை?

அரசு நிதியில் நடக்கும் பாடசாலைகளை ஒவ்வொரு பகுதியிலும் நிர்வகிக்கும் அமைப்புத்தான் கல்விச் சபை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இவை 72 இருக்கின்றன. ஆங்கிலப் பொதுச் சபைகள் 31, ஆங்கிலக் கத்தோலிக்கச் சபைகள் 29, பிரெஞ்சுப் பொதுச் சபைகள் 4, பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபைகள் 8. அதாவது, நீங்கள் குடியிருக்கும் ஒரே தெருவை நான்கு சபைகள் தங்கள் எல்லைக்குள் வைத்திருக்கின்றன. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் குழப்பம் தருவது இதுதான். வலயக் கல்வி அலுவலகம் ஒன்று, பணிப்பாளர் ஒருவர் என்று பழகியவர்கள் நாம்.

கத்தோலிக்கச் சபைகளுக்கு அரசு ஏன் பணம் கொடுக்கிறது என்று பலர் கேட்பார்கள். 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, அன்று இருந்த கத்தோலிக்கப் பாடசாலை உரிமைகளைப் பாதுகாத்தது. வேர் அங்கே இருக்கிறது.

இந்தச் சபைகளுக்கு மக்கள் தெரிவு செய்து அனுப்புபவரை ஆங்கிலத்தில் ட்ரஸ்டி என்பார்கள். நம் பத்திரிகைகளில் அறங்காவலர் என்று எழுதுவதும் உண்டு. கோயில் அறங்காவலர் நினைவுக்கு வந்து குழப்புவதால், இங்கே கல்விச் சபை உறுப்பினர் என்றே எழுதுகிறேன்.

மக்கள் பாடசாலைக்கு ஆள் தெரிவு செய்யும் வழக்கம் இங்கே மிகப் பழையது. 1816ஆம் ஆண்டின் பொதுப் பாடசாலைச் சட்டம், ஓர் ஊரார் கூடித் தங்கள் பாடசாலைக்கு மூன்று பேரைத் தெரிவு செய்ய வழி செய்தது. நகரசபை ஆட்சிக்குச் சட்டம் முறையான வடிவம் கொடுத்தது 1849இல். பாடசாலைக்கு வாக்களித்த பிறகுதான் இந்த மண்ணில் நகரசபைக்கு வாக்களிக்கும் முறை பரவியது என்பதை நினைத்தால், சீட்டின் கடைசியில் கிடக்கும் அந்தப் பகுதிக்கு வேறு மதிப்பு வருகிறது.

அவர்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஆனால் மக்கள் நினைப்பதை எல்லாம் அல்ல.

எதைப் படிப்பிக்க வேண்டும் என்ற பாடத்திட்டத்தை மாகாணக் கல்வி அமைச்சுத் தீர்மானிக்கிறது. ஆசிரியர் சம்பளத்தின் பெரும் பகுதி மாகாண மட்டப் பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. சபை தானே வரி விதித்துப் பணம் திரட்டும் அதிகாரத்தையும் 1997இல் மாகாணம் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில்தான் 129 சபைகளை 72 ஆகக் குறைத்தார்கள். பழைய ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ போன்றவற்றின் சபைகள் எல்லாம் ஒன்றாகி, 1998 முதல் ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை ஆனது.

மிச்சம் இருப்பது என்ன? வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் சபை உறுப்பினர்கள். ரொறன்ரோ சபையில் அது 300 கோடி டொலரைத் தாண்டும் தொகை. ஏறத்தாழ 580 பாடசாலைகளுக்கானது. சபையின் தலைமை நிர்வாகியான கல்விப் பணிப்பாளரை வேலைக்கு எடுப்பதும், அவருடைய வேலையை மதிப்பிடுவதும் அவர்கள்தான். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகும் என்ற எல்லைக்கோடு, பாடங்களைப் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் பிரெஞ்சு மூழ்கல் வகுப்பு எங்கே தொடங்கும், எவ்வளவு தூரத்துக்கு அப்பால் பாடசாலை பஸ் கிடைக்கும், நீச்சல் குளம் திறந்திருக்குமா மூடப்படுமா, விசேட தேவை உள்ள பிள்ளைகளுக்கு எத்தனை உதவியாளர் என்பன எல்லாம் அந்த மேசையில் முடிவாகின்றன.

நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சபையின் மாணவர்களில் 23 பேருக்காவது ஒரு மொழியைப் படிப்பிக்கும்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால், அந்தச் சபை தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அந்த மொழி வகுப்பை நடத்த வேண்டும் என்று மாகாண ஒழுங்குவிதி சொல்கிறது. சனிக்கிழமைகளில் நம் பிள்ளைகள் போகும் தமிழ் வகுப்புகள் இந்த வழியில் நடப்பவை. வகுப்பு வைக்க வேண்டும் என்பது விதி. எந்தப் பாடசாலைக் கட்டடத்தில், எத்தனை இடங்களில், எந்த நேரத்தில் என்பதில் சபைக்கு விருப்பம் இருக்கிறது. அந்த விருப்பம் எந்தப் பக்கம் சாயும் என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. தனி உறுப்பினர் ஒருவர் பாடசாலை அதிபருக்குக் கட்டளை இட முடியாது. உங்கள் பிள்ளையின் ஆசிரியரை மாற்றித் தர முடியாது. அதிகாரம் சபைக்குப் பெரும்பான்மை வாக்கில் வருகிறது. அவர் உங்களுக்காகக் கதவைத் தட்டலாம், கேள்வி எழுப்பலாம், தீர்மானம் கொண்டுவரலாம்.

தேர்தல் எப்போது நடக்கும்?

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நகரசபைத் தேர்தலோடு சேர்த்து, ஒக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை. அந்தக் கணக்கில் அடுத்த நகரசபைத் தேர்தல் நாள் 2026 ஒக்டோபர் 26. வாக்களிப்பு காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை. அதற்கு முன் சில நாட்களில் முன்கூட்டிய வாக்களிப்பும் இருக்கும். புதிய உறுப்பினர்களின் பதவிக்காலம் நவம்பர் 15 அன்று தொடங்கும்.

தொழிற்சாலையில் நீண்ட ஷிப்ட் பார்க்கிறேன். நேரம் இல்லை. என்ன செய்வது?

வாக்களிப்பு நேரத்துக்குள் உங்களுக்குத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்காவிட்டால், அந்த மூன்று மணி நேரம் கிடைக்கும்படி வேலையிலிருந்து விலகியிருக்க நகரசபைத் தேர்தல் சட்டம் உரிமை தருகிறது. அதற்காகச் சம்பளத்தை வெட்டக்கூடாது. எந்த நேரத்தில் விடுவது என்பதை முதலாளி தீர்மானிக்கலாம். முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் சொல்லிவையுங்கள். கேட்பதற்குத் தயங்கி வாக்கை இழந்தவர்கள் என் உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

யார் வாக்களிக்கலாம்? பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் வாக்கு உண்டா?

உண்டு. கனடியக் குடியுரிமை, 18 வயது, அந்தச் சபையின் எல்லைக்குள் குடியிருப்பு ஆகியவைதான் அடிப்படை. பிள்ளை இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. வீடு சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் முழு வாக்கு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி எனக்கு எதற்கு என்று பெரியவர்கள் ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. அந்தப் பாடசாலையை இன்றைக்கும் நடத்துவது அவர்கள் கட்டும் வரியும்தான்.

நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இதே பாடசாலைகளில் படிக்கிறார்கள் என்பதால் எனக்கு இது உறுத்தும் ஒரு விதி. அவர்களுக்கு இருக்கும் வேறு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்கு சபைகளில் என் வாக்கு எந்தச் சபைக்கு?

இதை ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு வாக்காளருக்கும் பாடசாலை ஆதரவு என்று ஒரு பதிவு இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஆங்கிலப் பொதுச் சபையின் ஆதரவாளர் என்றே வாக்காளர் இடாப்பில் வரும். ரோமன் கத்தோலிக்கராக இருந்து கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்க விரும்பினால் அதை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். பிரெஞ்சுச் சபைகளுக்கு வாக்களிக்க, கனடிய உரிமைகள் சாசனத்தின் 23ஆம் பிரிவு சொல்லும் பிரெஞ்சு மொழி உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். பிள்ளையைப் பிரெஞ்சு மூழ்கல் வகுப்பில் சேர்த்திருப்பதால் அந்த உரிமை வந்துவிடாது. அந்த வகுப்பை நடத்துவது ஆங்கிலச் சபை.

இந்தப் பதிவை வைத்திருப்பது எம்பாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சொத்து மதிப்பீட்டு நிறுவனம். வீட்டு மதிப்பீட்டுக் கடிதம் அனுப்பும் அதே நிறுவனம்தான். வாடகைக்கு இருப்பவர்களும் அங்கே தங்கள் பாடசாலை ஆதரவைப் பதிவு செய்யலாம், மாற்றலாம். வாக்காளர் பெயர்ப் பதிவை 2024 முதல் மாகாணத் தேர்தல் அலுவலகமான எலெக்சன்ஸ் ஒன்ராறியோ கவனிக்கிறது.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் வாக்களிப்பு நிலையத்தில் பொதுச் சபை வேட்பாளர்கள் உள்ள சீட்டைத் தந்தார்கள். ஏன்?

உங்கள் பதிவு மாறாமல் கிடக்கிறது என்பதே காரணமாக இருக்கும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கராக வாழ்ந்து இங்கே வந்தவர்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் காட்டிக் கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிள்ளையைச் சேர்ப்பதும் உங்கள் வாக்குப் பதிவும் இரண்டு வேறு தாள்கள். வாக்களிப்பு நிலையத்திலேயே அலுவலரிடம் சொல்லி, படிவம் ஒன்றில் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சீட்டைக் கையில் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

நாங்கள் சைவர்கள். மகள் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலையில் படிக்கிறாள். அந்தச் சபைக்கு வாக்களிக்கலாமா?

முடியாது. ஒன்பதாம் வகுப்பு முதல் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் எந்தச் சமயப் பிள்ளையும் சேரலாம். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரத்திலும் இப்படிச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். ஆனால் அந்தச் சபைக்கு வாக்களிக்கவும் அதில் போட்டியிடவும் ரோமன் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். உங்கள் வாக்கு ஆங்கிலப் பொதுச் சபைக்கே போகும். மகளுடைய பாடசாலையில் குறை இருந்தால் அந்தப் பகுதிக் கத்தோலிக்கச் சபை உறுப்பினருக்கு நீங்கள் எழுதுவதை யாரும் தடுக்க முடியாது. பெற்றோர் என்ற முறையில் எழுதுங்கள்.

கத்தோலிக்கச் சபைக்கு மாற்றினால் வரி கூடுமா, குறையுமா?

இரண்டும் இல்லை. குடியிருப்பு வீடுகளுக்கான கல்வி வரி வீதம் மாகாணம் முழுவதும் ஒன்றே. 2020 முதல் அது 0.153 வீதமாக இருந்துவருகிறது. சபைகளுக்கு நிதி, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தேவையையும் கணக்கிட்டு மாகாணத்திலிருந்து வருகிறது.

வாக்குச் சீட்டு எப்படி இருக்கும்? எப்படி எண்ணுகிறார்கள்?

ரொறன்ரோவில் மேயர், மாநகரசபை உறுப்பினர், கல்விச் சபை உறுப்பினர் என்று மூன்று பகுதிகள் ஒரே நீளத் தாளில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவரை மட்டும் தெரிவு செய்ய வேண்டும். அடையாளமிட்ட தாளை மறைப்பு உறைக்குள் வைத்து, எண்ணும் இயந்திரத்தில் செலுத்துவார்கள். இயந்திரம் அதை உள்ளே இழுத்துக்கொள்வதை நீங்கள் நின்று பார்க்கலாம். மார்க்கம் நகரத்தில் இணையம் வழியாக வாக்களிக்கலாம். 2003ஆம் ஆண்டிலேயே அங்கே அதைத் தொடங்கிவிட்டார்கள்.

அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி பெறுவார். பாதிக்கு மேல் வேண்டும் என்றோ இரண்டாவது சுற்று என்றோ இல்லை. இரண்டு பேர் சமமாக வந்தால் மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் சமம் என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பதே சட்டம்.

போகும்போது பெயரும் முகவரியும் உள்ள அடையாள ஆவணம் ஒன்று வேண்டும். புகைப்படம் இருக்க வேண்டியதில்லை. மின் கட்டணப் பட்டியல் போதும். கண் பார்வை குறைந்தவர்கள், வாசிக்கச் சிரமப்படுபவர்கள் உதவிக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

நான் போட்டியிட முடியுமா?

வாக்களிக்கத் தகுதி உள்ள எவரும் தன் சபைக்குப் போட்டியிடலாம். சபையின் எல்லைக்குள் குடியிருந்தால் போதும். அதே வட்டாரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் பட்டமோ வேறு தகுதியோ கேட்க மாட்டார்கள். மாகாணத்தின் எந்தக் கல்விச் சபையில் ஊழியராக இருந்தாலும், மனு கொடுக்கும் முன் சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும். வென்றால் வேலையை விட வேண்டும். இது ஆசிரியர்களுக்கும் பாடசாலைச் செயலாளர்களுக்கும் பொருந்தும். அவர்களுடைய கணவனுக்கோ மனைவிக்கோ இந்தத் தடை இல்லை. நாடாளுமன்ற, மாகாணசபை உறுப்பினர்களும் நீதிபதிகளும் நிற்க முடியாது.

வேட்பு மனுவை நகரசபையின் கிளார்க் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 2022இல் மே 2 முதல் ஓகஸ்ட் 19 பிற்பகல் 2 மணி வரை ஏற்றுக்கொண்டார்கள். கட்டணம் 100 டொலர். தேர்தலுக்குப் பிறகு கணக்கைக் காலத்தில் ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும். மாநகரசபை வேட்பாளர்களிடம் கேட்கும் 25 பேரின் கையெழுத்து கல்விச் சபைக்குத் தேவையில்லை. கட்சிச் சின்னமும் கட்சிப் பெயரும் சீட்டில் வராது.

பணம் எவ்வளவு வேண்டும்?

சட்டம் அனுமதிக்கும் உச்சச் செலவு 5,000 டொலரோடு ஒரு வாக்காளருக்கு 85 சதம் சேர்த்து வரும் தொகை. 60,000 வாக்காளர் உள்ள வட்டாரம் என்றால் 56,000 டொலர். இது உச்சம், இதில் சிறு பகுதியை வைத்துக்கொண்டு கால்நடையாக வீடு வீடாகப் போய் வென்றவர்கள் உண்டு.

மனு கொடுக்கும் முன் ஒரு சதமும் சேர்க்கவோ செலவழிக்கவோ கூடாது. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலருக்கு மேல் கொடுக்க முடியாது. 25 டொலருக்கு மேல் என்றால் காசாக வாங்கக்கூடாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கவே முடியாது. நம் சமூகத்தில் கடைக்காரர் ஒருவர் அன்பினால் கடையின் காசோலையை நீட்டிவிடுவார். அதை வாங்கினால் வேட்பாளருக்குத்தான் சிக்கல். அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து வர வேண்டும். 2022 தேர்தலுக்கான கணக்கை 2023 மார்ச் 31க்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தவறினால் 500 டொலர் கட்டி 30 நாட்களுக்குள் ஒப்படைக்கலாம். அதையும் தவறினால் வென்ற பதவியும் போகும், அடுத்த தேர்தலிலும் நிற்க முடியாது.

வேட்பாளர்களில் ஒருவரையும் தெரியாதே. எப்படித் தெரிவு செய்வது?

பக்கத்து வீட்டு அம்மா கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. மேயர் வேட்பாளர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், கல்விச் சபை வேட்பாளரை யாரும் காட்டுவதில்லை. பலரும் தெரிந்த குடும்பப் பெயரைப் பார்த்துக் கோடிட்டுவிட்டு வருகிறார்கள்.

நான் செய்வது இது. வேட்பாளர் பட்டியல் ஓகஸ்ட் மாதத்திலேயே நகரசபை இணையத்தளத்தில் வந்துவிடும். என் வட்டாரத்தில் நிற்பவர்களுக்கு இரண்டே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புவேன். எங்கள் பாடசாலைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? வரவு செலவில் பற்றாக்குறை வந்தால் முதலில் எதை வெட்டுவீர்கள், எதை வெட்டவே மாட்டீர்கள்? பதில் அனுப்பாதவர்கள் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடுவார்கள். "எல்லாப் பிள்ளைகளின் நலனுக்காகவும் உழைப்பேன்" என்று மட்டும் எழுதுபவருக்கு வேலை என்னவென்றே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால், சபைக் கூட்டங்களின் பதிவுகள் பொதுவில் கிடைக்கும். எப்படி வாக்களித்தார் என்று பார்க்கலாம்.

தமிழர் ஒருவர் நின்றால் அவருக்கே போட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளின் வீட்டு மொழியை, போருக்குப் பின் வந்த குடும்பங்களின் காயத்தை, தாத்தா பாட்டி வளர்க்கும் வீடுகளை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒருவர் அந்த மேசையில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் அவரிடமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் நான் வாக்களிப்பேன்.

தமிழர்கள் இப்பதவிக்கு வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள். யுவனிதா நாதன் 2010இல் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவாகி, அதன் தலைவராகவும் இருந்து, 2022இல் மார்க்கம் நகரசபைக்கும் 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். நீதன் ஷான் யோர்க் பிராந்தியத்திலும் பிறகு ரொறன்ரோவிலும் கல்விச் சபை உறுப்பினராக இருந்து, ரொறன்ரோ சபையின் தலைவர் பொறுப்பையும் வகித்தார். 2025 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் மாநகரசபைக்குத் தெரிவானார்.

எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள்?

2022இல் ரொறன்ரோவில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேரே வந்தார்கள். அவர்களிலும் பலர் பக்கத்து வீட்டு அம்மாவைப் போலக் கடைசிப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரு மாடிக் குடியிருப்பில் உள்ளவர்கள் சேர்ந்து போட்டாலே முடிவு மாறக்கூடிய வட்டாரங்கள் உண்டு.

போட்டியின்றித் தெரிவு என்கிறார்களே, அது என்ன?

மனுக் காலம் முடியும்போது ஓர் இடத்துக்கு ஒருவரே நின்றால் வாக்களிப்பு இல்லை; அவரே தெரிவாகிவிடுவார். மாகாணம் முழுவதும் ஒவ்வொரு தேர்தலிலும் இப்படிப் பல இடங்கள் நிரம்புகின்றன. சிறிய ஊர்களில் இது அதிகம். உங்கள் சீட்டில் அந்தப் பகுதியே இல்லாவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஒரு சபையில் எத்தனை உறுப்பினர்கள்? சம்பளம் உண்டா?

எண்ணிக்கை மக்கள்தொகையையும் பரப்பையும் பொறுத்தது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையில் 22 பேர், ரொறன்ரோ கத்தோலிக்கச் சபையில் 12 பேர். தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. உறுப்பினர்கள் ஆண்டுதோறும் தங்களுக்குள் தெரிவு செய்கிறார்கள். கிடைப்பது மதிப்பூதியம், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும். பெரும்பாலோர் வேறு வேலையும் பார்க்கிறார்கள்.

இவர்களைத் தவிர, மாணவர்கள் தாங்களே தெரிவு செய்யும் மாணவ உறுப்பினர்கள் ஒருவர் முதல் மூன்று பேர் வரை ஒவ்வொரு சபையிலும் இருப்பார்கள். பேசலாம், தங்கள் கருத்து வாக்கைப் பதிய வைக்கலாம். அது முடிவைக் கட்டுப்படுத்தாது. முதற்குடி மக்களின் பிள்ளைகள் உடன்படிக்கையின் கீழ் படிக்கும் சபைகளில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவர் நியமனம் மூலம் வருவார்.

இடையில் ஒருவர் விலகினால்?

மிச்சமுள்ள உறுப்பினர்கள் தகுதியான ஒருவரை நியமிக்கலாம், அல்லது இடைத்தேர்தல் கேட்கலாம். அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று வழக்கமான கூட்டங்களுக்கு வராவிட்டாலும் இடம் காலியாகும்.

தெரிவு செய்த பிறகு அவர்களிடம் எப்படிப் பேசுவது?

கூட்டங்கள் பொதுவில் நடக்கின்றன. முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் சபை முன் பேசலாம். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பஸ் நின்றுவிட்டது. பனிக்காலத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள் பெரிய சந்தி ஒன்றைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. நான்கு பெற்றோர் போனோம். ஒரு தாய் தன் மகனின் நனைந்த கையுறையை மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். எழுதிவந்த தாளைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பேசும் நேரம் குறைந்துகொண்டிருந்தது. பஸ் திரும்ப வரவில்லை, ஆனால் அந்தச் சந்திக்குப் பாதுகாவலர் ஒருவர் வேண்டும் என்று எங்கள் உறுப்பினர் மாநகரசபைக்கு எழுதினார். அடுத்த மாதம் ஒருவர் வந்தார். இன்றும் அந்தச் சந்தியைக் கடக்கும்போது எனக்கு அந்தக் கையுறை நினைவுக்கு வரும்.

2025இல் அரசு சபைகளை எடுத்துக்கொண்டது என்கிறார்களே?

உண்மை. 2025 ஏப்ரலில் ஒன்ராறியோவின் லண்டன் நகரை உள்ளடக்கிய தேம்ஸ் வலி சபையையும், ஜூன் 27 அன்று ரொறன்ரோ, ரொறன்ரோ கத்தோலிக்க, ஒட்டாவா கார்ல்ற்றன், டஃபரின் பீல் கத்தோலிக்கச் சபைகளையும் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா, அரசு நியமித்த மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தார். நிதி நிர்வாகம் சரியில்லை என்பது அரசு சொன்ன காரணம். மேற்பார்வையாளர் வந்தவுடன் தெரிவு செய்யப்பட்டவர்களின் அதிகாரம் நின்றுவிடுகிறது. நவம்பரில் நிறைவேறிய 33ஆம் இலக்கச் சட்டம் அமைச்சரின் தலையிடும் அதிகாரத்தை மேலும் விரித்தது. கல்விச் சபை உறுப்பினர் பதவியையே நீக்குவது பற்றியும் அமைச்சர் வெளிப்படையாகப் பேசினார். ரொறன்ரோவுக்கு இது முதல் முறை அல்ல. 2002இலும் இப்படி ஒருவர் வந்தார்.

வேறு மாகாணங்களில் முன்னுதாரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நோவா ஸ்கோஷியா 2018இல் ஆங்கிலக் கல்விச் சபைகளைக் கலைத்தது. மனிற்றோபா அதே வழியில் போகக் கொண்டுவந்த 64ஆம் இலக்க மசோதாவை, பெற்றோரின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2021இல் கைவிட்டது.

பணத்தைத் தவறாகக் கையாண்டவர்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தாய் கையுறையை வைத்துப் பேசியது ஒரு மேற்பார்வையாளரின் முன் அல்ல. அடுத்த தேர்தலில் தன் வாக்கைக் கேட்டு வரவேண்டிய மனிதர்களின் முன் பேசினார். அது தெரிந்துதான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

எனக்குக் குடியுரிமை இல்லை. நான் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பாடசாலையிலும் பாடசாலை மன்றம் ஒன்று இருக்க வேண்டும் என்பது மாகாண ஒழுங்குவிதி. அதில் பெற்றோரே பெரும்பான்மை. பாடசாலை ஆண்டின் முதல் 30 நாட்களுக்குள், அந்தப் பாடசாலைப் பெற்றோர் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்கிறார்கள். குடியுரிமை கேட்பதில்லை, பிள்ளை அங்கே படித்தால் வாக்களிக்கலாம், நிற்கலாம். அதிபரும் சபையும் பல விடயங்களில் மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அறிவிப்பு செப்டம்பர் மாதத்தில் பிள்ளையின் பையில் மடித்த தாளாகவோ மின்னஞ்சலாகவோ வரும். எங்கள் பாடசாலையில் கடந்த முறை பத்து இடங்களுக்கு ஆறு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள்.